மணல்வாரி இறங்கின பிறகு

எங்க அப்பத்தா அம்மையை மூணு வகையாப் பிரிச்சு வெச்சிருந்துச்சு. நீர் கோத்த கொப்புளம்னா சின்னம்மை. காதுக்குக் கீழ தாடை வீங்கினா பொன்னுக்கு வீங்கி. மணலை வாரி இறைச்ச மாதிரி உடம்பு பூரா செவந்து பொரிஞ்சா மணல்வாரி. புத்தகத்தில் தட்டம்மை என்று போடுவார்கள். நாலாவதான பெரியம்மை 1975-லேயே நாட்டை விட்டுப் போய்விட்டது.

எந்த அம்மைக்கும் நடைமுறை ஒண்ணுதான். வாசலில் வேப்பிலை சொருகணும், வீட்டில் தாளிக்கக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது. கடைசி விதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மணல்வாரி, பொரி கிளம்புவதற்கு நாலு நாள் முன்பே அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். நாம் வேப்பிலை ஒடிக்கப் போகும்போது அது பக்கத்து வீட்டில் குடியேறியிருக்கும்.

அப்பத்தா இரண்டு விஷயம் அடிக்கடி சொல்லும். "ஒருக்கா வந்தா மறுக்கா வராது." அப்புறம், "மணல்வாரியில பிள்ளை போகாது, இறங்கின பிறகுதான் பயம்." இரண்டையும் மருத்துவம் பின்னால் ஒத்துக்கொண்ட கதைதான் இது.

முதலில், மலை நோயை அண்ட விடாது என்ற நம்பிக்கை. கொடைக்கானல் என்ற ஊரே அப்படி உருவானதுதான். கீழே காய்ச்சலிலும் காலராவிலும் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845-இல் மேலே ஏறி வந்து இரண்டு பங்களா கட்டினார்கள். கொசுவுக்கும் கெட்ட தண்ணிக்கும் அந்தக் கணக்கு ஓரளவு சரி. மணல்வாரி காத்தில் வருவது. நோயாளி எழுந்து போன அறையில்கூட இரண்டு மணி நேரம் வரை தங்கும். சந்தைக்குப் போன ஜீப்பில் ஒருத்தர் ஏறி வந்தால் போதும், மலைக்கு வந்துவிடும். ஒதுங்கியிருக்கும் ஊருக்கு அது தாமதமாக வரும், அவ்வளவுதான். தாமதமாக வந்தால் மொத்தமாக வாரும்.

இதற்கு உலகம் அறிந்த சாட்சி, வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் பரோ தீவுகள். 1781-க்குப் பிறகு அங்கே 65 வருஷம் தட்டம்மையே இல்லை. 1846-இல் வந்தபோது சுமார் 7,800 பேரில் 6,000 பேர் படுத்தார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய பீட்டர் பானும் என்ற இளம் டாக்டர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். சின்ன வயதில், 1781-இல், அம்மை கண்டிருந்த கிழவன் கிழவி ஒருத்தருக்குக்கூட மறுபடி வரவில்லை. அறுபத்தஞ்சு வருஷத்து ஞாபகம்! எங்க மலைவாழைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முடிக்கொத்து நோய் கண்டால் தூரோடு தோண்டிப் போடுவதுதான் வழி.

உடம்பின் அந்த ஞாபகத்தை நோய் இல்லாமலே கொடுப்பதுதான் தடுப்பூசி. 1954-இல் அமெரிக்காவில் ஜான் எண்டர்ஸும் தாமஸ் பீபிள்ஸும் எட்மன்ஸ்டன் என்ற பள்ளி மாணவனின் உடம்பிலிருந்து வைரஸைப் பிரித்தார்கள். கோழிக்கரு செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்து, 1963-இல் ஊசியாக வந்தது. நம் அரசுத் திட்டத்தில் அது சேர்ந்தது 1985-இல். இன்றைக்கு நம் பிள்ளைகளுக்குப் போடுவதும் அந்தப் பையன் வழி வந்த வைரஸ்தான்.

ஏன் ஒன்பது மாதம் வரை காத்திருக்கணும்னு சிலர் கேட்பார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் குழந்தை ரத்தத்தில் இருக்கும் வரை, ஊசியில் உள்ள வைரஸையும் அது அடித்துவிடும். உடம்புக்குப் பாடம் பதியாது. ஒன்பதாம் மாதம் போட்டாலும் நூற்றில் பதினைந்து பிள்ளைகளுக்குப் பதியாமல் போகலாம். அவர்களைப் பிடிக்கத்தான் ஒன்றரை வயதில் இரண்டாவது ஊசி.

அப்பத்தாவின் இரண்டாவது பேச்சுக்கு விளக்கம் கிடைக்க 2019 ஆயிற்று. தட்டம்மை வைரஸ், உடம்பின் ஞாபகச் செல்களையே தேடி அழிக்கிறது என்று ஆய்வுகள் காட்டின. அதுவரை மற்ற நோய்களிடம் கற்ற பாடத்தில் ஒரு பகுதி அழிந்துபோகிறது. பிள்ளை அம்மையிலிருந்து எழுந்து உட்காரும், அடுத்த மாதம் சளிக்காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ போகும். கூடவே உடம்பிலிருக்கும் வைட்டமின் ஏ-யையும் அது உறிஞ்சிவிடும், கண் போகும். திருச்சி மாவட்டக் கிராமங்களில் வாராவாரம் கொஞ்சம் வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்த ஆய்வில் குழந்தை மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது. 1990-இல் வெளியானது. ஒன்பதாம் மாத ஊசியோடு வாயில் ஊற்றும் மருந்து அதுதான்.

இனி சொல்லப் போவது எங்களைப் போன்ற ஊர்களை உலுக்கிய விஷயம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நாலு குழந்தைகள் இறந்தன. அரசு உடனே ஊருக்குள் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றியது. பயந்த நேரத்தில் எடுத்த முடிவு, தப்பென்று சொல்ல மனசு வராது. ஆனால் அதன் விலையை மலை கொடுத்தது. ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில் இருக்கும் உங்களுக்கு அது ஒரு மணி நேர வேலை. காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் சம்பளம், நாளைக்கு இரண்டே தடவை வரும் பஸ், இடுப்பில் ஒண்ணு கையில் ஒண்ணு. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பாள். எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 81. பத்து வருஷம் கழித்து 70. எல்லாவற்றுக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். தட்டம்மையை நிறுத்த 95 வேண்டும்.

அந்த நிலைமையில்தான் 2017 பிப்ரவரி 6 அன்று ரூபெல்லாவையும் சேர்த்த ஊசி வந்தது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாருக்கும். வாட்ஸ்அப் அதற்கு முந்தியே வந்துவிட்டது. மலட்டு ஊசி, வெளிநாட்டுச் சதி என்று குரல் பதிவுகள். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு மட்டும் பாதி பெஞ்சு காலி. மாநிலம் பூராவும் இதே கதை, கெடுவை நீட்ட வேண்டியதாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், ரூபெல்லாவின் கொடுமையைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள், பெயர்தான் தெரியாது. கர்ப்பிணிக்கு லேசாகக் காய்ச்சல், கொஞ்சம் பொரி, மூணே நாள். பிறக்கும் பிள்ளைக்குக் கண்ணில் வெள்ளை, காது கேட்காது, இதயத்தில் ஓட்டை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் பங்கெடுத்து 1996-இல் வெளியான ஆய்வில், கண்புரையோடு வந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்றுக்குக் காரணம் ரூபெல்லா. எங்க பக்கத்தில் அதை "கிரகணத்துல வெளிய வந்தா" என்று சொல்லி, அந்தத் தாயின் தலையில் பழியைப் போட்டோம்.

எங்க தெருவிலும் ஒரு அக்கா அந்தப் பழியோடு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது. 2017-இல், காலி பெஞ்சுப் பிள்ளைகளின் வீட்டுக்கு நர்ஸம்மா போனபோது அந்த அக்காதான் கூடப் போனது. எதுவும் விளக்கவில்லை. பார்வையில்லாத தன் மகளைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வாசல் வாசலாக நின்றது. மார்ச்சில் மறுபடி ஊசி போட்டபோது மூணு பிள்ளைகள்தான் பாக்கி.