திரைச் சித்திரமும் விளையாட்டின் சுவையும்

சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய வீடியோ விளையாட்டுப் பொறி ஒன்று கடைத்தெருவுக்கு வருகின்றது. வரும்போதெல்லாம் அதனைப் பற்றிப் பேசப்படும் புகழுரை பெரும்பாலும் ஒன்றே: படம் மெய்யே போல் தோன்றுகின்றது என்பது. புல்லின் நுனியில் பனித்துளி தெரிகின்றதாம். வீரன் முகத்தில் வியர்வை அரும்புகின்றதாம். நம் குடியிருப்பிலும் பிள்ளைகள் இதனைச் சொல்லியே தந்தையரிடம் புதிய பொறி கேட்கின்றனர். தந்தையரோ மாதச் சம்பளத்தை மனத்துள் கூட்டிக் கழித்துப் பார்த்துப் பெருமூச்செறிகின்றனர். கிராபிக்ஸ் என்று வழங்கும் திரைச் சித்திரம் அழகாக இல்லையெனில் விளையாட்டில் இன்பமே இல்லையா? இக்கேள்விக்கு வாதத்தால் விடை தேடுவதைவிட, இவ்விளையாட்டுகள் நடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பதே நன்று. அவ்வழி நெடியதன்று; ஏறத்தாழ எழுபது ஆண்டு அளவினதே.

1958-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் பொதுமக்கள் வந்து பார்வையிடும் நாள் நெருங்கியது. வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியல் அறிஞர், வருவோர் வெறுங்கருவிகளைக் கண்டு சலிப்படையாதிருத்தற்பொருட்டு டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்தார். மின்னலைகளைக் காட்டும் ஆசிலாஸ்கோப் என்னும் கருவியே திரை. அதன் குறுக்களவு ஐந்தே அங்குலம். அதில் படுத்த கோடு ஒன்று தரை. நடுவில் நின்ற சிறு கோடு வலை. ஓர் ஒளிப்புள்ளி பந்து. ஆடுவோர் உருவம் இல்லை; மட்டை கூட இல்லை. ஆயினும் மக்கள் வரிசையில் நின்று காத்திருந்து ஆடினர். பந்து மேலெழுந்து புவியீர்ப்புக்கு அடங்கி வளைந்து இறங்கியது. வலையில் பட்டால் தெறித்தது. உருவத்தில் பொய்யாக இருந்த ஆட்டம் இயக்கத்தில் மெய்யாக இருந்தது. மக்களைக் கட்டி நிறுத்தியது அவ்வியக்கமே.

நான்காண்டு கழித்து, 1962-இல், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பி.டி.பி.-1 என்னும் கணிப்பொறியில் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விண்வெளிப் போர் ஆட்டத்தை இயற்றினர். இரண்டு சிறு கலங்கள் ஒன்றையொன்று சுட வேண்டும். கருந்திரையில் கலம் எவ்வளவு விரைவாக நகர்கின்றது என்று கண் அறிதற்குப் பின்னணி ஒன்று வேண்டும் என்பதால், ரஸ்ஸல் சில புள்ளிகளை நட்சத்திரங்களாகத் தூவியிருந்தார். பீட்டர் சாம்சன் என்ற நண்பருக்கு இது பொறுக்கவில்லை. வானத்திலுள்ள உண்மையான நட்சத்திரங்களை அவற்றின் இடம் மாறாமல், ஒளியின் ஏற்றத்தாழ்வோடும் திரையில் கொண்டுவந்து நிறுத்தினார்! ரஸ்ஸலின் புள்ளிகள் ஆட்டக்காரனுக்கு வேண்டியவை. சாம்சனின் வானம் அவனுக்கு வேண்டியதன்று. அது அழகின்மேல் கொண்ட ஆசை. இவ்விரு தேவைகளும் தொடக்கத்திலேயே ஒரே திரையில் கூடிவிட்டன என்பதை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன்.

1972-இல் இவ்விளையாட்டு ஆய்வுக்கூடத்தை விட்டு வீட்டுக்கு வந்தது. ரால்ஃப் பேர் என்பவரின் எண்ணத்தில் உருவாகி மேக்னவாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஒடிஸி’ என்னும் பொறியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கலாம். அது காட்டக்கூடியவை சில வெண்சதுரங்களும் ஒரு கோடுமே. படம் வரையும் ஆற்றல் அதற்கு இல்லாமையால், வண்ணப்படம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்களைப் பெட்டியோடு கொடுத்தனர். அத்தாளைத் தொலைக்காட்சியின் முகத்தில் ஒட்டிக்கொண்டால் வெண்சதுரம் பேய்வீட்டில் உலவும். தாளை மாற்றினால் அதே சதுரம் பனிமலையில் சறுக்கும். அவ்வாண்டின் பிற்பகுதியில் அட்டாரி நிறுவனத்தின் ஆலன் ஆல்கார்ன் ‘பாங்’ என்னும் பந்தாட்டத்தைச் செய்தார். கருந்திரையில் இரு கோடும் ஒரு புள்ளியும் இரண்டு எண்ணும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கடையில் முதற்பொறியை வைத்தனர். சில நாளில் பொறி பழுதாயிற்று என்று செய்தி வந்தது. சென்று திறந்து பார்த்தால், காசு நிரம்பி வழிந்தமையே பழுது! தாள் ஒட்டிய ஒடிஸியினும் ஒன்றும் ஒட்டாத பாங் மக்களைப் பெரிதும் ஈர்த்தது. மட்டையின் நடுவில் பட்ட பந்து நேரே செல்லும். ஓரத்தில் பட்டால் சாய்ந்து செல்லும். ஆல்கார்ன் சேர்த்த இந்த நுட்பத்தில் ஆட்டக்காரனின் கைத்திறனுக்கு இடம் பிறந்தது.

பொறியின் வறுமை ஆட்டத்திற்கு வளமாக முடிந்த கதைகளும் உண்டு. 1978-இல் ஜப்பானில் டைட்டோ நிறுவனத்தின் டொமோஹிரோ நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தைப் படைத்தார். வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசை, ஆக 55 பகைவர்கள் மெல்ல இறங்கி வருவர். அத்தனை உருவங்களையும் விரைந்து வரைய அப்பொறிக்கு வலிமை போதவில்லை. ஆட்டக்காரன் பகைவரைச் சுட்டு வீழ்த்த வீழ்த்த, வரைய வேண்டிய உருவம் குறைந்து, எஞ்சியவர் விரைவு கூடிற்று. கடைசியில் நிற்கும் ஒருவன் பாய்ந்தோடுவான். நிஷிகாடோ இதனைக் குறையென்று திருத்தாமல் விட்டுவிட்டார். நெஞ்சைப் படபடக்க வைக்கும் அந்த விரைவே ஆட்டத்தின் உயிராயிற்று. திரையில் தோன்றிய வண்ணங்கூடப் பொறி தந்ததன்று. கறுப்பு வெள்ளைத் திரையின்மேல் வண்ணத்தாள் ஒட்டினர். 1981-இல் ‘டாங்கி காங்’ ஆட்டத்திற்கு ஷிகெரு மியாமோட்டோ வரைந்த சிறு மனிதன் செய்தியும் இத்தகையதே. ஒருசில புள்ளிகளில் தலைமயிர் வரைய முடியாது, எனவே தொப்பி. வாய் வரைய முடியாது, எனவே மீசை. கை வீசுவது தெரிய வேண்டும், எனவே சட்டைக்கு ஒரு நிறமும் மேலாடைக்கு வேறு நிறமும். மேரியோ என்று உலகெங்கும் பிள்ளைகள் அறிந்த அம்முகம் புள்ளிப் பஞ்சத்தில் பிறந்தது.

படமே இல்லாத விளையாட்டும் இருந்தது. வில் க்ரௌதர் என்ற கணிப்பொறி வல்லுநர் கெண்டக்கி மாநிலத்தின் மாமத் குகையில் புகுந்து ஆராய்வதில் பழகியவர். 1976-ஆம் ஆண்டளவில், தம் இரு பெண்மக்கள் ஆடி மகிழ்வதற்காக, அக்குகையைச் சொற்களாலேயே ஒரு விளையாட்டாக்கினார். நீ இன்ன இடத்தில் நிற்கின்றாய், இன்ன இன்ன வழிகள் உள என்று கணிப்பொறி எழுதிக் காட்டும். வடக்கே செல், விளக்கை எடு என்று ஆடுபவர் விடை எழுதுவர். மறு ஆண்டு டான் வுட்ஸ் என்பவர் அதனை விரிவாக்கினார். இவ்வழியில் வந்த இன்ஃபோகாம் நிறுவனம் 1979-இல் தோன்றி, ‘சோர்க்’ முதலிய சொல் விளையாட்டுகளால் பெரும்பொருள் ஈட்டியது. மனித மூளையைவிடச் சிறந்த சித்திரக்காரன் இல்லை என்ற கருத்துப்பட அந்நிறுவனம் விளம்பரமும் செய்தது. ஆனால் அதன் புகழ் நிலைக்கவில்லை. படம் காட்டும் ஆட்டங்கள் பெருகின. தகவல்களைத் தொகுத்து வைக்கும் அலுவலக மென்பொருள் ஒன்றில் நிறுவனம் பெரும்பணத்தை இட்டு நலிந்தது. 1986-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தின் கைக்குச் சென்று, 1989-இல் மூடப்பட்டது. சொல் ஒன்றே போதும் என்று வாதிடுவோர் இம்முடிவையும் மறைக்காது சொல்ல வேண்டும்.

படம் ஒன்றே போதும் என்று நினைத்தவர் கதை இதைவிட விரைவில் முடிந்தது. 1983-இல் ‘டிராகன்ஸ் லேர்’ என்ற ஆட்டம் அமெரிக்க விளையாட்டுக் கூடங்களுக்கு வந்தது. டான் ப்ளூத் என்னும் திரைப்படச் சித்திரக் கலைஞரும் அவர் குழுவினரும் கையால் வரைந்த சித்திரப்படம், லேசர் தட்டிலிருந்து திரையில் ஓடியது. மற்ற ஆட்டங்களில் உருவங்கள் கட்டம் கட்டமாக இருந்த காலத்தில், இதில் மாவீரனும் அரக்கப் பாம்பும் திரைப்படத்திற்போலவே தோன்றின. மற்றவற்றிற்கு 25 செண்ட் என்றால் இதற்கு 50 செண்ட். ஆயினும் கூட்டம் மொய்த்தது. கூட்டத்திற்குப் பின்தான் குறை தெரிந்தது. படம் முன்னரே வரையப்பட்டுவிட்டமையால், ஆட்டக்காரன் செய்யக்கூடியது குறித்த நொடியில் குறித்த திசைக்குக் கோலைச் சாய்ப்பது அல்லது வாளோச்சும் பொத்தானை அழுத்துவது, அவ்வளவே. தவறினால் வீரன் சாவான். சாவும் முன்னரே வரைந்து வைத்த சாவு. வரிசையை மனப்பாடம் செய்தவன் வெல்வான். வென்றவனுக்கு மறுபடி ஆடக் காரணம் இல்லை. அடுத்த ஆண்டிலேயே மக்கள் ஆர்வம் தணிந்துவிட்டது. அப்படத்தின் அழகை இன்று காண்பவரும் வியப்பர். ஆனால் காண்பது வேறு, ஆடுவது வேறு.

அதற்கு மறு ஆண்டு, 1984-இல், மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பொறி மையத்தில் பணிபுரிந்த அலெக்ஸி பஜித்னோவ் ‘டெட்ரிஸ்’ ஆட்டத்தை எழுதினார். அவர் முன்னிருந்த எலெக்ட்ரானிக்கா-60 என்னும் கணிப்பொறிக்கு எழுத்துகளைத்தவிர வேறெதுவும் காட்டத் தெரியாது. எனவே அடைப்புக்குறிகளை இணைத்து இணைத்துக் கட்டங்களாக்கினார். நான்கு நான்கு கட்டங்களால் ஆன ஏழு வடிவங்கள் மேலிருந்து விழும். இடைவெளியின்றி அடுக்கினால் வரிசை மறையும். ஐந்து வயதுக் குழந்தைக்கும் ஒரு நிமிடத்தில் விளங்கும். ஐம்பது வயதுக்காரருக்கும் எளிதில் அலுக்காது.

இரயில்வேயில் கைகாட்டி மரம் என்று ஒன்று உண்டு. அதன் கை அழகாக இருக்கிறதா என்று எந்த ஓட்டுநரும் பார்ப்பதில்லை. தாழ்ந்திருக்கிறதா, கிடையாக நிற்கிறதா என்பது மழையிலும் மாலை மங்கலிலும் ஐயமறத் தெரிய வேண்டும். டெட்ரிஸின் ஏழு வடிவங்களும் அத்தகையவை. ஒன்றை மற்றொன்றாக எவரும் மயங்கமாட்டார். திரைச் சித்திரத்தின் முதற்கடமை இதுவே என்பது என் எண்ணம்.

இந்த டெட்ரிஸைத் துணைகொண்டே 1989-இல் நின்டெண்டோ நிறுவனம் ‘கேம் பாய்’ என்னும் கையடக்கப் பொறியை அமெரிக்காவில் விற்றது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோக்கோய், புத்தம் புதிய நுட்பத்தைத் துரத்துவதைவிட, பழகி மலிந்த நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்துவதே சிறப்பு என்ற கொள்கையர். கேம் பாயின் திரையில் வண்ணம் இல்லை. பாசி நிறத்தில் நான்கு சாயல்களே. அதே ஆண்டில் அட்டாரியின் ‘லிங்க்ஸ்’ வண்ணத்திரையோடு வந்தது. 1990-இல் ஜப்பானில் சேகாவின் ‘கேம் கியர்’ வந்தது. அருகருகே வைத்தால் கேம் பாய் ஏழை வீட்டுப் பிள்ளைபோல் தோன்றும். ஆனால் அது நான்கு பாட்டரியில் பத்து மணி நேரத்திற்கு மேல் ஓடும். வண்ணப் பொறிகள் ஆறு பாட்டரியை ஐந்து மணி நேரத்திற்குள் தின்றுவிடும். நெடும்பயணத்தில் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. கேம் கியர் ஒரு கோடி அளவில் விற்றது. கேம் பாயோ, பின்வந்த அதன் வண்ண வடிவத்தையும் சேர்த்து, 11 கோடியே 80 லட்சத்திற்கு மேல் விற்றது.

இவ்வளவும் சொன்னதால், சித்திரத்தை யான் இகழ்வதாக எவரும் கொள்ள வேண்டா. 1993-இல் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்னும் சகோதரர் வெளியிட்ட ‘மிஸ்ட்’ ஆட்டத்தில் ஆளரவமற்ற தீவு ஒன்று. ஆடுபவர் ஒவ்வொரு படமாகக் கடந்து சென்று, அங்கு நடந்தது யாது என்று ஆராய வேண்டும். சுடுவதில்லை, ஓடுவதில்லை. மரத்தின் பட்டையும், கல்லின் நிழலும், பொறிகளின் துருவும் உற்றுநோக்கத் தக்கவையாக இருந்தமையாலேயே மக்கள் உற்றுநோக்கினர். அச்சித்திரங்களைக் கோடும் புள்ளியுமாக்கினால் ஆட்டமே இல்லையாகும். 2002 வரை கணிப்பொறி விளையாட்டுகளில் மிகுதியாக விற்றது அதுவே. டிராகன்ஸ் லேரில் படம் ஆடுபவரின் கையைக் கட்டிப்போட்டது. மிஸ்டில் படம் அவரை உள்ளே அழைத்தது. அழகு மிகுந்தது என்பதில் இரண்டும் ஒன்றே. வேற்றுமை அழகின் அளவில் இல்லை.

பிற்காலச் செய்திகளை விரித்துரைக்க இடமில்லை. 1997-இன் இறுதியில் நோக்கியா கைப்பேசியில் புகுந்த பாம்பு ஆட்டத்தை நம்மில் பலர் அறிவோம். இரவுப் பணியில் வண்டி தாமதம் என்று செய்தி வந்தால், எங்கள் அலுவலகத்தில் பெரியவர்களும் அப்பாம்பை வளர்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 2006-இல் வந்த நின்டெண்டோவின் ‘வீ’ பொறி, படத்தெளிவில் சோனியின் ‘பிளேஸ்டேஷன் 3’-க்குப் பெரிதும் பின்தங்கியது. ஆயினும் கையை வீசினால் திரையில் பந்து உருளும் புதுமையால், தாத்தா பாட்டியரும் எழுந்து ஆடினர். வீ 10 கோடிக்கு மேல் விற்றது. மற்றது 9 கோடியை எட்டவில்லை. விலை குறைவு என்பதும் ஒரு காரணமே. 2009-இல் மார்க்குஸ் பெர்சன் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ‘மைன்கிராஃப்ட்’, மரத்தையும் ஆட்டையும் சூரியனையும் கூடச் சதுரமாகவே காட்டியது. 2023-இல் அதன் விற்பனை 30 கோடியைக் கடந்ததாக அறிவிக்கப்பட்டது.

இன்னும் ஒன்று உளது. காலத்தால் முற்பட்டதாயினும் இதனைக் கடைசிக்கென்று வைத்திருந்தேன். ஜப்பானில் கெஞ்சி ஏனோ என்னும் விளையாட்டு ஆசிரியருக்குக் கண்பார்வையற்ற அன்பர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. அவர்கள் எவ்வாறு ஆடுகின்றனர் என்றறிய அவரே நேரில் சென்று பார்த்தார். திரையைக் காணாமலே, ஓசையைக் கேட்டும் திரும்பத் திரும்பத் தவறியும், கண்ணுடையோர்க்கென்று செய்த ஆட்டங்களை அவர்கள் அரும்பாடுபட்டு ஆடிக்கொண்டிருந்தனர். ஏனோ 1997-இல் ‘ரியல் சவுண்ட்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார். அதில் ஒரு படமும் இல்லை. நடிகர் குரலும் இசையும் ஓசையும் கதையை நடத்திச் செல்லும். கிளை பிரியும் இடங்களில் மணி ஒலிக்கும். ஆடுபவர் எவ்வழி செல்வது என்று தேர்வார். பெட்டியினுள் பிரெயில் எழுத்தில் விளக்கம் இருந்தது. இவ்வாட்டத்தைத் தங்கள் சாட்டர்ன் பொறிக்கே உரியதாக்க வேண்டும் என்று சேகா நிறுவனம் விரும்பியபோது, பார்வையற்றோர்க்கு ஆயிரம் சாட்டர்ன் பொறிகளை நன்கொடையாக அளிக்க வேண்டும் என்று அவர் கேட்டுப் பெற்றார். அவ்வாட்டம் ஓடும்போது தொலைக்காட்சித் திரை இருண்டிருக்கும். அதன்முன் கண்ணுடையவரும் கண்ணிலாதவரும் ஒருவர்க்கொருவர் குறையின்றி அமர்ந்து ஆடலாம்.