கம்ப்யூட்டர் விற்றவர்கள்

ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தியிலிருந்து வேலூர் சுமார் 25 கிலோமீட்டர். கனத்த மானிட்டரும் கேபினட்டும் இருந்த காலத்தில், தப்பான கம்ப்யூட்டரை வாங்கிவிட்டால் அதைத் திரும்ப பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவது லேசான வேலையா? கடையில் நிற்பவர் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பித்தான் மலைப்பக்கத்துக்காரர் பணத்தை எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அந்த வார்த்தையின் தரம் எப்படி மாறியது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

தொடக்கத்தில் கம்ப்யூட்டர் கடைச்சரக்கே அல்ல. 1976-ல் ஹெச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கிய ஷிவ் நாடார் (தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்) முதலானோர் கால்குலேட்டர் விற்றுத்தான் முதல் சேர்த்தார்கள். அவர்கள் பொறியாளர்கள். வாங்குபவர்களோ பெரும்பாலும் நிறுவனங்கள். கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாக வேண்டும். நவம்பர் 1984-ல் மத்திய அரசின் புதிய கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதியைத் தளர்த்திய பிறகு விலை இறங்கத் தொடங்கியது.

அடுத்து வந்தது சென்னை ரிச்சி தெருவின் காலம். ரேடியோ உதிரிபாகம் விற்ற அந்தத் தெரு, தொண்ணூறுகளில் அசெம்பிள்டு கம்ப்யூட்டருக்குப் பேர்போனது. அங்கே ஷோரூம் பளபளப்பு கிடையாது, பில் கேட்டால் முகம் மாறும், திருட்டு விண்டோஸும் தாராளமாகப் புழங்கியது. ஆனாலும் ஒரு விஷயத்தைப் பாராட்ட வேண்டும். ராம் போட்டு, ஹார்டு டிஸ்க் மாட்டி, மெஷினை ஓடவிட்டுக் காட்டியவரே பெரும்பாலும் விற்றவரும். பழுதானால் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். படிப்பு குறைவாக இருந்தாலும் எந்த போர்டில் எந்த பிராசஸர் உட்காரும் என்பது அவருக்கு அத்துப்படி.

2000-க்குப் பிறகு டிவி, பிரிட்ஜ் விற்கும் பெரிய கடைகளில் கம்ப்யூட்டருக்கும் ஒரு மூலை ஒதுக்கினார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. நேற்று வரை வாஷிங் மெஷின் விற்றவர் இன்று லேப்டாப் பக்கம் நிற்பார். அட்டையில் உள்ளதைப் படிப்பார், அவ்வளவுதான். செலரானுக்கும் பென்டியத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் "இது லேட்டஸ்ட் சார்" என்பார். பக்கத்திலேயே கம்பெனிகள் தங்கள் செலவில் நிறுத்திய ஆட்களும் இருப்பார்கள். அவர்களுக்கு விவரம் தெரியும், ஆனால் தங்கள் பிராண்டைத் தவிர வேறு எதையும் நல்லதென்று சொல்லமாட்டார்கள். பழுது பார்ப்பது சர்வீஸ் சென்டரின் பாடு என்று ஆனதால், விற்றவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள உறவு பில்லோடு முடிந்தது. குற்றம் அந்தப் பையன்களுடையது மட்டுமல்ல. பயிற்சி கொடுக்காமல் டார்கெட் மட்டும் கொடுத்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

அமெரிக்காவின் சர்க்யூட் சிட்டி இதை இன்னும் அப்பட்டமாகக் காட்டியது. 2003-ல் கமிஷன் முறையைக் கைவிட்டு சுமார் 3,900 விற்பனையாளர்களை நீக்கிய அந்தக் கடை, மார்ச் 2007-ல் மேலும் சுமார் 3,400 ஊழியர்களை அனுப்பியது. சொன்ன காரணம்: சம்பளம் சந்தை நிலவரத்தைவிட அதிகம். குறைந்த சம்பளத்தில் புதியவர்கள் வந்தார்கள். நவம்பர் 2008-ல் கம்பெனி திவால் மனு கொடுத்தது, மார்ச் 2009-ல் கடைகள் மூடப்பட்டன. பொருளாதார நெருக்கடியும் போட்டியும் சேர்ந்துதான் அதைச் சாய்த்தன. ஆனால் விவரம் தெரிந்த ஆட்களை முதலில் வெளியே அனுப்பியது கடையேதான்.

செப்டம்பர் 2011-ல் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியபோது, அரசுப் பள்ளி மாணவர் பலரின் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் எந்த விற்பனையாளரும் இல்லாமலே வந்து சேர்ந்தது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. அது என்ன, எதற்கு என்று எடுத்துச் சொல்ல, மலைப்பக்கத்தில் கடைக்காரர்கூட இல்லை.