இப்னு பதூதா கண்ட கறுவா

 

கி.பி. 1344ஆம் ஆண்டு மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா நமது புத்தளத்துக்கு வந்தார். 'பத்தாலா' என அவர் குறிப்பிடும் ஊர் இதுவேயாகும். ஆற்று வெள்ளம் அடித்துவந்த கறுவாக் கட்டைகள் கரையெங்கும் குவிந்து கிடந்தனவாம். சோழமண்டலக் கரையினரும் மலபார் மக்களும் அவற்றை விலையின்றி ஏற்றிச் சென்றனர். ஈடாக மன்னர் ஆரியச் சக்கரவர்த்திக்குத் துணிமணிகளை அன்பளிப்பாக வழங்கினர்.

அறபியில் கறுவாவுக்கு 'கிர்பா' என்று பெயர். பட்டை என்பதே அச்சொல்லின் பொருள். யூனானி நூல்களில் வரும் 'தார்ஸீனி' என்பதற்கோ சீன மரம் என்று பொருள். பெயர்கள் கலந்தது போலவே இன்று கடையில் பட்டைகளும் கலந்துவிட்டன. சீனத்துக் காசியாப் பட்டையில் கூமரின் என்னும் பொருள் மிகுதி. நாள்தோறும் அதிகமாக அருந்தினால் ஈரலைப் பாதிக்கக்கூடும். நம் கறுவாவில் அது மிகச் சொற்பம். ஆயினும், நீரிழிவுக்கு வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிட்டுப் பட்டைக் கஷாயத்தை மட்டும் நம்பியிருப்பது பேராபத்து. நபி (ஸல்) அவர்கள் மருந்து தேடுமாறு பணித்தார்களே தவிர, கைவிடுமாறு பணிக்கவில்லை.

வாங்குமுன் நுனியைப் பாருங்கள். மெல்லிய பல அடுக்குகள் சுருட்டிய பாய்போல் செறிந்திருந்தால் கறுவா. தடித்த ஒற்றைப் பட்டையாய், ஒடிக்கக் கடினமாயிருந்தால் காசியா.