ஆகமன காலம் வந்த வரலாறு



பெரிய துரை வருகிறார் என்றால் அக்காலத் தோட்டத்தில் என்னென்ன நடந்தது என்று பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். லயத்துக் கால்வாய் சுத்தமாகும். சுவருக்குச் சுண்ணாம்பு ஏறும். பாதையோரப் புல்லை வெட்டுவார்கள். பண்டைய உரோமாபுரியிலும் இதே கதைதான். பேரரசர் ஒரு நகருக்கு எழுந்தருளுவதை இலத்தீன் மொழியில் ‘அட்வெந்துஸ்’ என்றனர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரங்களுக்குக் கிறிஸ்தவர்கள் அந்தச் சொல்லையே பெயராக வைத்தனர். தமிழில் அது ‘ஆகமன காலம்’ ஆயிற்று. இன்று கத்தோலிக்கர் ‘திருவருகைக் காலம்’ என்கின்றனர்.

ஆனால் பேரரசருக்கு வைத்திருந்த சொல்லை யாருக்குக் கொடுத்தார்கள், பாருங்கள்! மாட்டுத் தொழுவத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு. லூத்தரன் சபைகளில் ஆகமன முதல் ஞாயிறன்று, இயேசு கழுதைமேல் ஏறி எருசலேமுக்குள் வந்த பகுதியை வாசிப்பது நெடுநாளைய மரபு. குதிரையும் இல்லை, தேரும் இல்லை.

தொடக்கத்தில் இது நோன்புக் காலமாகவே இருந்தது. இன்றைய பிரான்சு நாட்டில் தூர் நகரத்து ஆயராக இருந்த பெர்பெத்துவுஸ், 5ஆம் நூற்றாண்டில், நவம்பர் 11இல் வரும் புனித மார்ட்டின் திருநாள் முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பிருக்க ஏற்பாடு செய்தார். பின்னர் உரோமையில் இக்காலம் நான்கு ஞாயிறுகளாகச் சுருங்கியது. நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறே முதல் ஞாயிறு. மேற்குத் திருச்சபைக்கு ஆண்டுப் பிறப்பும் அதுவே. நோன்பின் அடையாளமாகக் குருவானவர் இன்றும் ஊதா நிற உடை அணிகிறார். நம் வீடுகளிலோ அந்த வாரங்களில்தான் முன்பணம் கேட்டு நடக்கிறோம், புதுத்துணிக்குக் கடன் சொல்கிறோம். நானும் இதற்கு விலக்கல்ல.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்நார்து மூன்று வருகைகளைப் பற்றிப் பேசினார். மனிதராய்ப் பிறந்த வருகை ஒன்று. உலக முடிவில் நடுவராக வருவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே, ஓசையின்றி மனித உள்ளத்துக்குள் வருவது ஒன்று. காத்திருப்பது எதற்காக என்று பிள்ளைகள் கேட்டால் இந்த நடு வருகையைச் சொல்லலாம்.

பிள்ளைகள் என்றதும் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் நினைவுக்கு வருகிறது. அங்கே ஏழைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய விக்கெர்ன் என்னும் போதகர், 1839இல் ஒரு பெரிய வளையத்தில் மெழுகுவர்த்திகளை நிறுத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகளே எண்ணிக்கொண்டார்கள். கோவில்களில் நாம் பார்க்கும் நான்கு மெழுகுவர்த்தி வளையம் அதன் வழி வந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். நிபோங் திபாலுக்குத் தெற்கே பாகான் செராயில், 1880களில், ரெனே ஃபே என்ற பிரெஞ்சுக் குரு இந்தியாவிலிருந்து தமிழ்க் கத்தோலிக்கரை அழைத்து வந்து குடியேற்றினார். 1896இல் அவர் மலாக்கா ஆயரானார். கடல் கடந்து வந்தவர்கள் மூட்டையோடு தங்கள் திருநாட்களையும் கொண்டுவந்தார்கள்.

தமிழருக்குக் காத்திருப்பு புதிதும் அல்ல. ஆகமன காலத்தின் கடைசி நாட்கள் மார்கழியில் விழுகின்றன. அதே விடியலில் அடுத்த லயத்தில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிக்கும். தஞ்சையில் பள்ளி ஆசிரியராக இருந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), நம் குறவஞ்சிக் கூத்தை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். வழக்கமான குறவஞ்சியில் தலைவி, உலா வந்த தலைவனை எண்ணி ஏங்குவாள். குறத்தி கைபார்த்துக் குறி சொல்வாள். சாஸ்திரியாரிடம் ஏங்குபவள் சீயோன் மகள், தலைவன் பெத்லகேமில் பிறந்தவர். குறத்தியோ விசுவாசத்தின் உருவம். கூடையைக் கீழே வைத்து, அவள் கையைப் பிடித்துப் பார்த்து, ‘உன் நாயகர் வருவார்’ என்று குறி சொல்பவள் அவள்தான்.