புல்மோட்டைக் கருமணலும் தைத்தேனிய வரலாறும்

திருகோணமலைத் துறைமுகம் என்றதும் கோணேசர் ஆலயமும், துறையைக் கைப்பற்ற ஐரோப்பியர் நிகழ்த்திய போட்டியுமே வரலாற்று மாணவரின் நினைவுக்கு வருவனவாகும். அம்மாவட்டத்தின் வடகோடியிலே, புல்மோட்டைக் கரையில் அலைகள் ஒதுக்கும் கருமணலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அம்மணலின் பெரும்பகுதி இல்மனைற்று. உறூத்தைலும் சேர்க்கனும் அதனோடு கலந்துள்ளன. இவற்றுள் முன்னவை இரண்டும் தைத்தேனியத்தின், அதாவது டைட்டேனியத்தின், தாதுக்களாகும். அவ்வுலோகத்தை மனிதன் எவ்வாறு வசப்படுத்தினான், அம்முயற்சியில் நமது கரை பெற்ற இடம் யாது என நோக்குவது பயனுடைத்து.

1791இல் இங்கிலாந்தின் கோர்ண்வால் பகுதியிற் குருவாயிருந்த வில்லியம் கிறெகர், இதனையொத்த கருமணலொன்றிலேயே புதிய தனிமத்தின் அறிகுறியைக் கண்டார். 1795இல் செருமானியரான கிளாப்புரொத்து உறூத்தைலில் அதனைக் கண்டு, கிரேக்கப் புராணத்துத் தைத்தன்களின் பெயரைச் சூட்டினார். ஆயினும், வெப்பநிலை உயர்ந்தால் ஒட்சிசனையும் நைதரசனையும் கவர்ந்து நொறுங்குமியல்பு பெறும் அவ்வுலோகத்தைத் தூயதாகப் பிரித்தல் எளிதன்று. 1910இல் மத்தியூ அண்டர் சோடியத்தின் துணையால் அதனைப் பெற்றார். 1930களில் வில்லியம் குரோல் மகனீசியத்தைக் கொண்டு வகுத்த முறையே, 1948இல் அமெரிக்காவில் வணிக உற்பத்திக்கு அடிப்படையாயிற்று. உருக்கினும் மிக இலேசானதாயும் வலியதாயும் துருவேறாததாயும் விளங்கியமையால், விமானத் தொழில் அதனை விரும்பி ஏற்றது.

இலங்கையில் 1957இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1960களில் புல்மோட்டையில் இல்மனைற்று உற்பத்தி நடைபெற்றதோடு, துறைமுகத்தை அண்டிய சீனக்குடாவில் உறூத்தைலும் சேர்க்கனும் பிரித்தெடுக்கப்பட்டன. பின்னர் அப்பணியும் புல்மோட்டைக்கே மாற்றப்பட்டது. யப்பான் முதலிய நாடுகளுக்கு மணல் கப்பலேறியது. போர் இதனையும் விட்டுவைக்கவில்லை. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக் கடலில் இல்மனைற்று ஏற்றிக்கொண்டிருந்த கப்பலொன்று தாக்கப்பட்டு, மாலுமிகள் சிலர் உயிரிழந்தனர். உலகின் தைத்தேனியத் தாதுவிற் பெரும்பகுதி வெண்ணிறப் பூச்சுப்பொருளாகவே மாறுகின்றது. சிறுபகுதியே உலோகமாகின்றது என்பதும் ஈண்டுக் கூறத்தக்கது.

உலோகத்தைப் பெறுதல் ஒரு படி. அதன் உள்ளமைப்பை ஆளுதல் மற்றொரு படி. உலோகம் என்பது எண்ணற்ற பளிங்கு மணிகளின் திரள். மணிகள் சிறுத்தால் அவற்றின் எல்லைகள் பெருகும். உருமாற்றத்தை நடத்திச்செல்லும் அணுவரிசைப் பிறழ்வுகளை அவ்வெல்லைகள் தடுப்பதால் வலிமை கூடும். மணிகளைச் சிறுக்கச் செய்யும் வழி, உலோகத்தை அதன் பழைய உருவுக்கு மீளாதவாறு மிகக் கடுமையாக உருத்திரியச் செய்வதாகும். ஆவாட்டுப் பல்கலைக்கழகத்தின் பேர்சி பிரிட்சுமன் பேரழுத்தத்தின் கீழ் உலோகத்தை முறுக்கி ஆராய்ந்தார். பேரழுத்த ஆய்வுகளுக்காக 1946இல் நோபல் பரிசும் பெற்றார். 1970களில் மின்சுக்கு நகரின் விளாடிமிர் செகால், வளைந்த கால்வாயொன்றினூடாக உலோகக் கோலைத் தள்ளும் முறையைக் கண்டார். கோலின் பருமன் மாறாமையால் அதனை மீண்டும் மீண்டும் செலுத்த இயலும். தைத்தேனியத்தை 400 பாகை செல்சியசு அளவிற்குச் சூடாக்கிச் செலுத்துவது வழக்கம்.

இவ்வாறு வருத்தப்படும்போது பிறழ்வுகள் பெருகிச் சுவர்களாகத் திரள்கின்றன. அச்சுவர்கள் புதிய மணிகளின் எல்லைகளாகின்றன. பல மைக்குரோமீற்றர் அளவினவாயிருந்த மணிகள் சில நூறு நானோமீற்றராகச் சுருங்குகின்றன. பேரழுத்தத்தில் முறுக்கினால், தூய தைத்தேனியத்தின் அணுவடுக்கின் ஒரு பகுதி ஒமேகா எனும் வேறொரு வகையாக மாறி, அழுத்தம் நீங்கிய பின்னும் நிலைப்பதுண்டு. உரூசியாவின் ஊபா நகரில் உருசுலான் வலியேவ் குழுவினர், கடும் உருத்திரிபையும் பிற பதப்படுத்தல்களையும் இணைத்து, தூய தைத்தேனியத்தின் இழுவலிமையை ஏறத்தாழ 700 மெகாபாசுக்கலிலிருந்து 1,240 வரை உயர்த்தினர். அலுமினியம், வனேடியம் ஆகியவற்றைக் கலவாமலே, அவற்றைக் கலந்த கலப்புலோகத்தினும் மிக்க வலிமை கிட்டியமையால், உடலினுட் பொருத்தும் கருவிகளுக்கு அது உகந்ததாயிற்று.

கேரளத்துச் சவறைக் கரையும் நெடுங்காலம் கருமணல் தந்த கரையே. ஐதராபாத்துப் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுகூடத்தின் தொழினுட்பத்தால், 2011இல் அங்கே ஆண்டுக்கு 500 தொன் கொள்ளளவுடைய தைத்தேனியக் கடற்பஞ்சு உலோக ஆலை எழுந்தது. மணல் இயற்கையின் கொடை. உலோகம் வேதியியலின் ஆக்கம். அதன் வலிமையோ உள்ளமைப்பை அறிந்த அறிவின் பயன். ஒவ்வொரு படியிலும் பொருளின் மதிப்பு உயர, அவ்வுயர்வின் பயன் அறிவுடையார் வாழும் நாட்டையே சேர்கின்றது. முதற்படியோடு நின்றுவிடும் கரைக்கு எஞ்சுவது அகழ்ந்த குழியும் குறைந்த விலையுமே. திருகோணமலை மாவட்டத்து மாணவருக்கு உலோகவியற் கல்வி எட்டும் நாளிலேதான், புல்மோட்டை மணலின் வரலாறு ஏற்றுமதிக் கணக்கு என்ற நிலையைக் கடக்கும்.