மெலிய வைத்த மருந்துகளும் கிளினிக் கொப்பியில் இல்லாத ஊசியும்

ஆரையம்பதியில் நாங்கள் வளர்ந்த காலத்தில் ஒருவரைப் பார்த்து "உடம்பு வைத்திருக்கிறாய்" என்று சொன்னால் அது வாழ்த்து. வாவிக்கு அப்பால் படுவான்கரைக்கு அரிசியும் மாவும் கொண்டுபோகவே கட்டுப்பாடு இருந்த போர்க்காலத்தில், மெலிவதற்குக் காசு கொடுத்து மருந்து வாங்குவார்கள் என்று எவராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். இன்று கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருவோரின் பயணப்பெட்டியில், சொக்லேட்டுக்கும் சென்ட் போத்தலுக்கும் நடுவே ஊசிப்பேனை ஒன்றும் வந்து சேர்கிறது. "கிழமைக்கு ஒருக்காப் போடுங்க மாமி, சீனியும் இறங்கும், உடம்பும் இறங்கும்" என்ற சிபாரிசும் கூடவே வருகிறது.

அந்தச் சிபாரிசு முழுப் பொய்யல்ல. ஆயினும் உடல் மெலிய வைக்கும் மருந்துகளுக்கு நூறாண்டை நெருங்கும் ஒரு வரலாறு உண்டு. ஊசியைப் போடுமுன் அதை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

முதலாம் உலகப் போரில் பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைனைட்ரோபீனோல் என்ற இரசாயனத்தைக் கையாண்ட தொழிலாளர்கள் வியர்த்துக் கொட்டி மெலிந்தார்கள். சிலர் உடல் கொதித்து இறந்தார்கள். 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதே இரசாயனம் எடையைக் குறைக்கும் என்று எழுதினர். மிகக் குறுகிய காலத்தில் பல்லாயிரக்கணக்கானோர் அதை விழுங்கினர். பின்னர் இளம்பெண்களின் கண்களில் புரை விழத் தொடங்கியது. 1938இல் அங்கு புதிய மருந்துச் சட்டம் வந்த பின்னரே அது தடுக்கப்பட்டது. ஆனாலும் இணையத்தில் இன்றும் அது விலைபோகிறது. அதனால் நேர்ந்த மரணங்களைக் கண்ட பிரித்தானியா 2023இல் அதைக் கட்டுப்படுத்தப்பட்ட நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தது.

அடுத்து வந்தவை வானவில் மாத்திரைகள். அம்பெட்டமைன், தைரொயிட் சுரப்பு, சிறுநீர் பெருக்கி, இதயத்துக்கான டிஜிடாலிஸ் ஆகியவற்றை வண்ணவண்ணமாகக் கலந்து, நோயாளியின் கையில் வைத்தியரே கொடுத்தனுப்பிய காலம் அது. 1968இல் லைஃப் சஞ்சிகையின் நிருபர் சூசனா மக்பீ, ஏற்கெனவே ஒல்லியான உடல்வாகு கொண்டவர், இவ்வாறான பத்து வைத்தியர்களிடம் நோயாளியாகச் சென்றார். ஆயிரத்துக்கும் அதிகமான மாத்திரைகளுடன் திரும்பினார். மெலிய வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை என்பதே அந்தச் செய்தியின் பலம். எங்கள் தொழிலில் இப்படியொரு செய்தி ஆயுளில் ஒன்று கிடைத்தாலே போதும்.

1990களில் பென்புளூரமைன், பென்டர்மைன் என்ற இரண்டையும் சேர்த்து "பென்-பென்" என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க எவரும் அனுமதி வழங்கியிருக்கவில்லை. இதய ஸ்கான் எடுக்கும் தொழில்நுட்பவியலாளர் ஒருவர், இளவயதுப் பெண்களின் இதய வால்வுகளில் வழக்கத்துக்கு மாறான பழுதைக் கவனித்தார். 1997இல் 24 பெண்களின் விபரங்களை மாயோ கிளினிக் வெளியிட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் பென்புளூரமைன் சந்தையிலிருந்து நீங்கியது.

நமக்கு மிக நெருக்கமான பாடம் பிரான்சில்தான் இருக்கிறது. செர்வியே நிறுவனத்தின் "மீடியேட்டர்" 1976 முதல் நீரிழிவு நோயாளருக்கான மருந்தாக விற்கப்பட்டது. பசியைக் குறைக்கும் என்பதால் நீரிழிவு இல்லாதவர்களும் அதை வாங்கி உண்டார்கள். உடலுக்குள் போனதும் அது பென்புளூரமைன் மாறுவது போன்றே மாறியது என்பது பெரிதாகப் பேசப்படவில்லை. பிறெஸ்ட் நகரின் நுரையீரல் வைத்தியர் இரேன் பிராஷோன், தம் வைத்தியசாலையின் பழைய நோயாளர் கோவைகளைக் கிண்டி எடுத்து, யார் யார் இந்த மாத்திரையை உண்டார்கள், யாருடைய வால்வு பழுதானது என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினார். 2009இல் மருந்து நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் எழுதிய நூலின் அட்டையில் "எத்தனை மரணங்கள்?" என்றிருந்த துணைத்தலைப்பை நீக்குமாறு நீதிமன்றம் பணித்தது, மேன்முறையீட்டில் அது மீண்டது. 2021 மார்ச்சில் அந்நிறுவனம் குற்றவாளியாகக் காணப்பட்டது. முப்பத்துமூன்று ஆண்டு விற்பனையில் சுமார் ஐம்பது இலட்சம் பேர் அந்த மருந்தை உண்டிருந்தார்கள்.

இப்போதைய ஊசியை இந்த வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பது நியாயமல்ல. உணவுண்டபின் குடலில் சுரக்கும் ஒரு ஹோர்மோனின் சாயலில் செய்யப்பட்டது அது. கிலா மொன்ஸ்டர் என்ற பல்லியினத்தின் நஞ்சில் ஜோன் எங் என்ற ஆய்வாளர் கண்டெடுத்த பொருளிலிருந்து 2005இல் முதல் மருந்து வந்தது. செமகுளூட்டைட் 2017இல் நீரிழிவுக்கும், 2021இல் எடைக்குறைப்புக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 17,604 பேரிடம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு போன்ற பெரும் இதய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அடுத்த ஆண்டு வந்த ஆய்வு, நீரிழிவால் பழுதுறும் சிறுநீரகத்துக்கும் பயன் உண்டென்றது. வளர்ந்தோரில் ஐவரில் ஒருவருக்கு மேல் சீனி வருத்தம் உள்ள இலங்கைக்கு இது சிறிய செய்தியல்ல.

மறுபக்கமும் உண்டு. குமட்டலும் வாந்தியும் பலருக்கு வரும். பித்தப்பைக் கல்லும் கணைய அழற்சியும் சிலருக்கு. கொழுப்போடு தசையும் கரையும். வயதானவர்களுக்கு இது விழுந்தெழும்பும் சங்கதி. ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைக் கெடுக்கும் ஒரு நிலை பத்தாயிரத்தில் ஒருவர் வரையில் ஏற்படலாம் என்று ஐரோப்பிய மருந்து முகவரகம் 2025இல் எச்சரித்தது. மிக அரிதுதான். ஆனால் அந்த அரிதையும் பதிவேடுகளில் தேடித்தான் கண்டார்கள்.

பயணப்பெட்டியில் வரும் ஊசியின் சிக்கல் அங்கேதான். கிளினிக்கில் கிளிக்லசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இதையும் சேர்த்துப் போட்டால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயங்கக்கூடும். மயக்கமருந்து கொடுத்து சத்திரசிகிச்சை செய்யும்போது, வயிற்றில் தங்கிய உணவு நுரையீரலுக்குள் ஏறும் ஆபத்து உண்டு. வைத்தியருக்குத் தெரிந்தால் முன்னேற்பாடு செய்வார். பாவிக்கத் தொடங்கும்வரை அந்த ஊசி 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டும். பிறகும் 30 பாகையைத் தாண்டக் கூடாது. நம் ஊர் வெயில் வாசகர்களுக்குத் தெரியும். போலிகளும் உலவுகின்றன: பிரேசில், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலி ஒசெம்பிக் பிடிபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் அறிவித்தது.

எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் இந்த ஊசியைச் சில மாதங்களாகப் போடுகிறார். மாதாமாதம் கிளினிக்குக்கும் தவறாமல் போகிறார். கொப்பியில் மெட்போர்மின் இருக்கிறது, பிரஷர் குளிசை இருக்கிறது, எடை எட்டுக் கிலோ குறைந்ததும் இருக்கிறது. ஊசி இல்லை. "டொக்டர் ஏசுவார் தம்பி" என்றார். அடுத்த முறை பேனையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், ஏசினாலும் எழுதிக்கொள்வார் என்று சொல்லியிருக்கிறேன்.