வலப்பனைச் சரிவுகளின் வரலாறு

2007 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இடையறாது பெய்த மழையினால் வலப்பனை, அங்குராங்கெத்தைப் பகுதிகளின் மலைச்சரிவுகள் பெயர்ந்து, மனைகளையும் மாந்தரையும் மண்ணுள் புதைத்தன. 1986 சனவரியிலும் மலைநாடு இத்தகைய அழிவைக் கண்டது. 2025 நவம்பரில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையின்போதும் அதுவே நிகழ்ந்தது. இவற்றை இயற்கையின் சீற்றமெனக் கூறி அமைதல் எளிது. மழை இயற்கையின் செயல் என்பதில் ஐயமில்லை. ஆயின் அம்மழையை ஏற்ற நிலத்தின் தன்மை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக மனிதர் கைகளால் உருவானது.

உடப்புசல்லாவை மலைத்தொடரினின்றும் வலப்பனை நிலம் மகாவலிப் பள்ளத்தாக்கை நோக்கிச் செங்குத்தாக இறங்குகின்றது. மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று இச்சரிவுகளில் நேரே மோதிப் பெருமழை பொழிகின்றது. கண்டியரசர் காலத்தில் மக்கள் புகுதற்கும் வெட்டுதற்கும் தடைசெய்யப்பட்ட காடுகள் இருந்தன. நாட்டின் பாதுகாப்பே அத்தடையின் நோக்கமெனினும், ஊற்றுக்களும் ஓயாக்களும் அதனாற் பயன்பெற்றன. சேனைப் பயிர்ச்செய்கையும் நிகழ்ந்ததுதான்; ஆயின் பயிரிட்ட நிலம் பின்னர் தரிசாக விடப்பட்டமையால் காடு மீண்டும் தழைத்தது.

1824 இல் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அண்மையிற் கோப்பித் தோட்டம் தொடங்கினார். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் உரிமை நிறுவப்படாத காட்டு நிலங்களை முடிக்குரியனவாக்கிற்று. அந்நிலம் ஏக்கர் 5 சிலிங்காகவும் விலைபோனது. காட்டை வெட்டிய முறை குறிக்கத்தக்கது. சரிவின் அடிமுதல் முடிவரை மரங்களைப் பாதியளவு வெட்டி நிறுத்துவர். பின் உச்சியிலுள்ள பெருமரங்களை வீழ்த்த, அவை கீழுள்ளவற்றின்மேற் சாய, ஒரு மலைப்பக்கம் முழுவதும் அலைபோல் ஒருங்கே வீழும். உலர்ந்தபின் தீயிடுவர். இவ்வெட்டு வேலையைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர் ஒப்பந்தமாகச் செய்தனர். அதன்பின் குழி தோண்டி, நட்டு, களைபறித்து, பழம் கொய்தவர்கள் தமிழகத்தினின்றும் வந்த தொழிலாளர்.

1869 இல் மடுல்சீமையிற் கோப்பி இலைநோய் தோன்றியது. நோயை ஆராய 1880 இல் வந்த மார்ஷல் வார்ட், அது ஒரு காளானென்றும், காற்றினாற் பரவும் அதன் வித்துக்களைத் தடுக்கக் காட்டு அரண் எதுவும் எஞ்சாமல், ஒரே பயிர் தொடர்ந்து பரந்திருந்தமையே அழிவைப் பெருக்கிற்றென்றும் விளக்கினார். கோப்பியை வாழ்விக்க வெட்டிய காடே கோப்பிக்குக் காவலாக இருந்திருக்கும். இக்கருத்தைக் கேட்டோர் இருந்தனர், கொண்டோர் இலர். கோப்பி அழிந்த சரிவுகளில் தேயிலை வந்தது. வலப்பனைப் பகுதித் தோட்டமொன்று இன்றும் ‘ஹைபொரஸ்ட்’, அதாவது உயர்காடு, என வழங்குகின்றது. காடு பெயரளவில் எஞ்சியது.

தேயிலை தானே மண்ணுக்குப் பகையன்று. செறிந்து மூடிய தேயிலை நிலம் மண்ணை நன்கு காக்கும். இடைவெளி விழுந்த பழைய விதைத் தேயிலையும், புல்லொன்றும் எஞ்சாது சுரண்டியாற் களைந்த பழைய வழக்கமுமே மேன்மண்ணைக் கரைத்தன. காட்டில் மழைத்துளியை இலை தாங்கும், சருகு உறிஞ்சும், ஆழ வேர் மண்ணைப் பாறையோடு பிணைக்கும். இவை நீங்கியபின் நீர் மேலோடி மண்ணை அரிக்கும். அன்றி, தூர்ந்த கான்களில் தேங்கி உள்ளிறங்கி, பாறைமீதுள்ள மண்ணை நெகிழ்த்தும். பின்னையதே மண்சரிவாகின்றது.

ஆட்சியாளர் இதனை அறியாதிருந்தனரல்லர். தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரையால் 1873 இல் 5000 அடிக்கு மேற்பட்ட அரச காடுகளைப் பயிர்ச்செய்கைக்கு வழங்குதல் தடுக்கப்பட்டது. நல்ல ஏற்பாடே; ஆயின் எல்லை உயரத்தைக்கொண்டு வகுக்கப்பட்டது, சரிவைக்கொண்டன்று. வலப்பனையின் செங்குத்தான நிலத்திற் பெரும்பகுதி அவ்வெல்லைக்குக் கீழே கிடந்தது. மண்காப்புச் சட்டம் வந்தது 1951 இல். அதற்குள் ஒரு நூற்றாண்டின் மண் ஆற்றோடு போயிற்று.

அம்மண் எங்குச் சென்றதென்பதை மகாவலித் திட்டம் காட்டிற்று. 1976 இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை நீர்த்தேக்கம் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 44 வீதம் மண்ணால் தூர்ந்தது. வலப்பனையின் நீரும் மகாவலியையே அடைகின்றது. மலைமேற் களை சுரண்டிய கையின் விளைவை, தொலைவிலுள்ள வடமத்திய மாகாண உழவனும் மின்விளக்கேற்றும் நகரத்தவனும் பகிர்கின்றனர்.

பெரும்பங்கு சுமப்போர் வேறு. லயன் வரிசைகளுக்கு இடம் தெரிந்தவர்கள் தோட்ட உரிமையாளர். அவற்றில் வாழ்ந்தவர்களுக்கு அதில் உரையில்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் நிலத்தை அரசுக்கு மாற்றின. 1992 இல் நிர்வாகம் பிரதேசக் கம்பனிகளுக்குச் சென்றது. தொழிலாளர் குடியிருந்த நிலம் எப்போதும் பிறர் நிலமாகவே இருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 களிலிருந்து மண்சரிவு அபாய வரைபடங்களை ஆக்கி வருகின்றது. ஆபத்தான சரிவு எதுவென்பது இன்று பலவிடங்களில் அறியப்பட்டதே. ‘வெளியேறுக’ என்னும் எச்சரிக்கை வரும்போது, செல்வதற்குத் தமக்கென ஒரு காணி வேண்டும். 7 பேர்ச் காணியும் தனிவீடும் வழங்கும் திட்டங்கள் 2015 க்குப் பின்னரே முனைப்புற்றன. அவை எட்டாத குடும்பங்கள் மழைக்காலத்தில் அண்மைப் பாடசாலையிற் சில இரவு தங்கி, மழை விட்டதும் அதே லயத்துக்குத் திரும்புகின்றன.